ஏழாவது டேக்

லலிதா ஜுவல்லரி கிரண்குமார் தன் விளம்பரத்தில் தானே வந்து பேசினார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணனோ 2022-இல் ‘தி லெஜண்ட்’ படத்தில் கதாநாயகனாகவே ஆகிவிட்டார். எங்கள் தெரு மரச்செக்குக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? புண்ணாக்கு மூட்டைமேல் ரிங் லைட்டைச் சாய்த்து வைத்து, “வணக்கம் மக்களே!” என்றார். இருபது வருடமாக எங்களிடம் “அரை லிட்டரா?” என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாத மனிதர். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒரு மடக்கு நல்லெண்ணெயைக் குடித்தும் காட்டினார். முகம் போன போக்கைப் பார்த்த அக்கா மகன், “மாமா, சிரிச்சுக்கிட்டே குடிங்க. இன்னொரு டேக்!” என்றான். ஏழாவது டேக்கில்தான் சிரிப்பு வந்தது.

மாலையில் எண்ணெய் வாங்கப் போனேன். கல்லாவில் ஆளில்லை. பின்கட்டில் கழிப்பறைக் கதவு மட்டும் உள்பக்கம் தாழிட்டிருந்தது.