சொன்னாக் கேளு, எய்யா

எய்யா பேராண்டி, வர்ற இருபத்தாறாம் தேதி கிராமசபையில எந்திரிச்சுக் கேள்வி கேக்கப் போறியாம்ல? கண்மாய்ல வண்டல் அள்ளப் பெர்மிட்டு வாங்குனவுக எம்புட்டு ஆழம் தோண்டுறாக, மண்ணு வயக்காட்டுக்குப் போகுதா செங்கச் சூளைக்குப் போகுதான்னு. டீக்கடையில இதான் பேச்சு. உங்கப்பன் போனப் போட்டு, “நீங்க சொன்னாக் கேப்பான், கொஞ்சம் புத்தி சொல்லுங்க”ன்னு அழாத குறை. சரி, சொல்லிருவோம்.

வேண்டாம்யா. நமக்கு எதுக்கு அரசியலு? படிச்சமா, ஒரு கம்பேனியில சேந்தமா, தாம்பரத்துக்கு அங்கிட்டு ஒரு பிளாட்ட வாங்கி இருபது வருசம் தவணை கட்டுனமான்னு இரு. நாட்டைப் பாத்துக்கிட எங்களை மாதிரிப் பெருசுக இருக்கோம்ல. நாங்க எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டோம்னு சந்தேகமா இருந்தா, கண்மாய்க் கரையில போயி ஒரு எட்டு நின்னு பாரு, தெரியும்.

பெருசுக சொல்ற புத்தி எப்படிப் பலிக்கும்னு விருதுநகர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த விருதுநகர்லயே ஒரு பய இருந்தான், காமராசுன்னு. மாமன் ஜவுளிக்கடையில உக்கார வச்சா, கூட்டம் நடக்கிற பக்கம் ஓடிருவான். ஆத்தா சிவகாமியம்மாவுக்குத் தூக்கம் இல்ல. சொந்தக்காரவுக கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடிச்சாக. இன்னொரு மாமனுக்குத் திருவனந்தபுரத்துல மரக்கடை, அங்க தள்ளிவிட்டா இந்தச் சனியன் விட்டுரும்னு. பய அங்க போயி என்ன செஞ்சான்? வைக்கத்துல கோயிலைச் சுத்துன தெருவுல இன்ன சாதிக்காரவுக நடக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாக. அதை எதுத்து 1924ல சத்தியாக்கிரகம் நடந்துச்சு. பய நேரா அதுல போயி நின்னான். அப்புறம் 1930ல வேதாரணியத்து உப்பு, வங்காளத்து அலிப்பூர் செயிலு. வாழ்நாள்ல ஒம்பது வருசம் கிட்ட கம்பி எண்ணியாச்சு. கல்யாணமும் கட்டல. பெத்தவுகளுக்கு இதுக்கு மேல என்ன கொடுமை வேணும்?

மாமன் பேச்சைக் கேட்டிருந்தா, விருதுநகருக்கு நல்ல மரவாடி முதலாளி ஒருத்தர் கெடச்சிருப்பாரு. அவரு முதல் மந்திரியாயித் தொறந்துவிட்ட, நான் கையெழுத்துப் போடப் படிச்ச பள்ளிக்கூடமும் மத்தியானச் சோறும்தான் இருந்திருக்காது. அது போனாப் போகுது.

சரி, கெட்டது அவரு ஒருத்தர்தானான்னு பாத்தா, அவரு காங்கிரசுக் கட்சிக்கே எதிரா ஒரு கூட்டம் கெளம்புச்சு. 1965 சனவரி 26லருந்து இந்திதான் ஆட்சிமொழின்னு டெல்லி நாள் குறிச்சிருந்துச்சு. மொத நாளு மதுரையில காலேசுப் பயக ஊர்வலம் போனாக. காளிமுத்துன்னு ஒருத்தரு, காமராசன்னு இன்னொருத்தரு (நம்மாளு இல்ல, வேற ஆளு), ரெண்டு பேரும் மாணவருக. அரசியல் சட்டத்துல ஆட்சிமொழி பத்தி இருக்கிற பகுதியத் தீயில போட்டாக. என்ன தறுதலைத்தனம் பாத்தியா? அந்தக் காளிமுத்து 2001ல சட்டசபையில சபாநாயகர் நாற்காலியில உக்காந்து, விதிப்படி பேசுங்கன்னு மத்தவுகளை அதட்டுனாரு.

சிதம்பரத்துல ராசேந்திரன்னு ஒரு பய. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவன். சனவரி 27ந்தேதி போலீசு சுட்டதுல செத்துப் போனான். இதுல எனக்குக் கேலி பேச வாய் வராது. அந்த ரெண்டு வாரத்துல தமிழ்நாடு பூராவும் நெறைய உசுரு போச்சு. பஸ்ஸையும் ரயிலையும் கொளுத்துனதெல்லாம் எனக்குச் சம்மதமில்ல, அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆனா அதுக்கு முன்னால வருசக்கணக்கா எத்தனை பெரிய மனுசங்க எத்தனை மனு எழுதிப் பாத்தாக? அசையாத டெல்லி, பிப்ரவரி 11ல அசைஞ்சுச்சு. சி. சுப்பிரமணியமும் அளகேசனும் மந்திரிப் பதவிய வேண்டாம்னாக. அன்னைக்கே பிரதமர் சாஸ்திரி ரேடியோவுல பேசி, இந்தி பேசாத மாநிலங்களுக்கு வேணுங்கிற மட்டும் இங்கிலீசு இருக்கும்னு வாக்குக் குடுத்தாரு. 1967 கடைசியில அது சட்டமாவும் ஆச்சு. அப்பல்லாம் 21 வயசானாத்தான் ஓட்டு. தொண்டை கிழியக் கத்துன பயகள்ல நெறையப் பேருக்கு ஓட்டே கெடையாது பாத்துக்க.

அந்த 1967 எலெக்சன்ல காமராசரை எதுத்து விருதுநகர்த் தொகுதியில நின்னது யாரு? பெ. சீனிவாசன், அந்தப் போராட்டத்துல முன்னால நின்ன மாணவரு. 1,285 ஓட்டுல செயிச்சாரு. நான் அப்ப அரை டவுசரு. எங்கய்யா அன்னைக்கு ராத்திரி சோத்துத் தட்டத் தள்ளி வச்சுட்டுத் திண்ணையில போயிப் படுத்துட்டாரு. எனக்கும் அந்தத் தோல்வி இன்ன வரைக்கும் செரிக்கல. ஆனா அவரு தொறந்துவிட்ட பள்ளிக்கூடத்துல படிச்ச பயகதான அவரு கட்சியையே கேள்வி கேட்டது? இலவசமாப் படிக்க வச்சா, கேள்வியும் இலவசமா வந்து தொலைக்குது. அதுக்குத்தான் இப்பப் படிப்புக்கு லச்சக்கணக்குல பீஸ் வாங்குறாக போல. கடன் கட்டுறவன் வாயத் தொறக்க மாட்டான்ல!

செயிச்சு வந்த பயகளும் வயசாக வயசாக எங்களை மாதிரி ஆகிட்டாக. அவுகள்ல சில பேரு மந்திரியானதும், மாணவர்கள் படிக்கிற வேலையை மட்டும் பாக்கணும்னு மேடையில பேசுனதைக் கேக்க எனக்குக் குடுத்து வச்சிருந்துச்சு.

அப்புறம் 2017ல சல்லிக்கட்டுத் தடைய எதுத்து உங்க அண்ணன்மாரு மெரினாவுல போயி உக்காந்தாக. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. செல்போன நோண்டுற பயக, சல்லிக்கட்டுக் காளைக்கும் கறவை மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாததுகன்னு. தெரு வெளக்க அணைச்சா, அந்தச் செல்போனையே வெளிச்சமாக்கித் தூக்கிப் பிடிச்சாக. பெரிய கட்சிக்காரவுக வந்தா, கும்பிட்டுத் திருப்பி அனுப்புனாக. குப்பையையும் அவுகளே கூட்டி அள்ளுனாக. சனவரி 17ல உக்காந்தாக, 21ல அவசரச் சட்டம், 23ல சட்டசபையில மசோதா. அதே 23ந்தேதி காலையில போலீசு தடியையும் எடுத்துச்சு, அதையும் மறக்காத. இருந்தாலும் 2023ல சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. எனக்கு ஒரே ஒரு வருத்தம். அம்புட்டுப் பேரும் மறுவாரம் அவனவன் ஊருக் கிராமசபையில போயி உக்காந்திருந்தா, பல ஆபீசருகளுக்கு வேர்த்திருக்கும். கடற்கரைக்குக் கேமரா வரும், சமுதாயக் கூடத்துக்கு எவன் வருவான்?

அதனாலதான் சொல்றேன், போகாத. போனேன்னு வையி, என்னென்ன நடக்கும்னு கேட்டுக்க. முதல்ல நோட்ட நீட்டுவாக, கையெழுத்துப் போடு தம்பின்னு. நூறு நாள் வேலைக்கு வந்தவுக கிட்ட ஏற்கெனவே வாங்கி வச்சிருப்பாக. தீர்மானத்தை எழுதி வாசிக்கிறதுக்கு முன்னால கையெழுத்துப் போடுற அளவுக்கு நீ நல்ல பிள்ளையா இருக்கணும், என்ன? நம்ம ஊரு மாதிரி ஐநூறுக்கு மேல, மூவாயிரம் சனத்துக்கு உள்ளுக்க இருக்கிற ஊராட்சிக்கு நூறு பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். தலைய எண்ணிப் பாக்குற கெட்ட பழக்கமெல்லாம் வேண்டாம். வண்டல் பெர்மிட்டு நகலு வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டா, பத்து ரூவாத் தெண்டமா ஸ்டாம்ப் ஒட்டணும். முப்பது நாள்ல பதில் குடுத்தாகணும்னு வேற சட்டத்துல இருக்கு. பாவம், ஆபீசருக அலைவாக. அவுகளை அலைய விடலாமா?

இன்னொண்ணு. கேள்வி கேட்ட ஒடனே போன்ல படத்தைப் போட்டுட்டு எத்தனை பேரு பாத்தாகன்னு எண்ணிக்கிட்டு உக்காராத. அந்த நேரத்துல லாரி ரெண்டு நடை போயிரும். ராத்திரி வண்டி நம்பரைக் குறிச்சு வைக்கிறதெல்லாம் வெளங்காத பயக பாக்குற வேலை. அதையும் தனியாப் போயிச் செஞ்சுறாத, நாலு பேரைச் சேத்துக்க. பிரசிடெண்டு ஆகணும்னு ஆசை இருந்தாலும் 21 முடியணும். ஒனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு, அதுக்குள்ள திருந்திரலாம்.

கூட்டம் பதினோரு மணிக்குன்னு சொல்லியிருக்காக. பத்தரைக்கே நோட்டு சுத்த ஆரம்பிச்சிரும். எனக்கு முட்டு வலி, நடக்க முடியாது. வண்டிய எடுத்துக்கிட்டு பத்து மணிக்கு வாசல்ல வந்து நில்லு. மூணாவது வரிசையில எனக்கு ஒரு சேரு போட்டுரு. நீ ஒளறுனா, இருமிக் காட்டுறேன். உங்கப்பன் கேட்டா, தாத்தா வேண்டாம்னுதான் சொன்னாருன்னு சொல்லிரு. அப்பத்தா கேட்டாலும் அதையே சொல்லு. அவ நம்ப மாட்டா.