யாருமே போகாத இடம்: வரையறையும் வழுக்களும்

“யாருமே போகாத இடம், வாழ்நாளில் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.” இந்த வாக்கியத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான் அவ்வப்போது மாறுகிறது. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்த நன்னூலார் ‘மாறுகொளக் கூறல்’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எந்த உரையாசிரியருக்கும் வாய்த்ததில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு எல்லோரும் போனால் வாக்கியத்தின் முன்பாதி பொய். கேட்காவிட்டால் பின்பாதி வீண். இதை நம்பிப் பாஸ்போர்ட் எடுப்போரின் நலன் கருதியே இவ்வாய்வு.

முதலில் அளவுகோல். கிலோமீட்டர் இதற்கு உதவாது. பல சோதனைகளுக்குப் பின் இவ்வாய்வாளன் தேர்ந்துகொண்ட கருவி எதிர்வீட்டு மாமா. காலை ஆறரைக்குப் பால் பாக்கெட்டோடு லிஃப்டில் ஏறுவார். இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். “அங்க என்ன இருக்கு?” என்றால் முதல் தரம். “எவ்வளவு ஆச்சு?” என்றால் இரண்டாம் தரம். “எங்க மச்சினன் போன வருஷமே போயிட்டு வந்துட்டான்” என்றால் அந்த இடம் முடிந்தது.

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் முடிந்த கணக்கில் சேர்ந்தது. மலைக்கும் ஏரிக்கும் இடையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் உப்புச் சுரங்க ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை படகில் போக வேண்டும், இல்லையேல் ஒற்றையடிப் பாதை. குடியிருப்போர் 800 பேருக்கும் குறைவு. நெரிசலான நாளில் வந்து இறங்குவோர் 10,000 பேர் வரை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2012-ல் இந்த ஊரையே நகலெடுத்துக் கட்டித் திறந்தார்கள். அப்படியும் அசலில் கூட்டம் குறையவில்லை. 2023-ல் பொறுக்க முடியாமல், செல்ஃபி எடுக்கும் முனையில் மரப்பலகை அடித்துக் காட்சியை மறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே பிடுங்கிவிட்டார்கள். பலகை இருந்த நாட்களில் அங்கே கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்காகவே நன்னூலார் ‘நின்று பயனின்மை’ என்ற குற்றத்தையும் சேர்த்திருக்க வேண்டும்.

‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று அவர் சொன்னதும் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைத்தானோ என்ற ஐயம் எழுகிறது. 2000-ல் டிகாப்ரியோ நடித்து வந்த ‘தி பீச்’ படத்தின் கதையே, ஒரு ரகசியக் கடற்கரையை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பதுதான். படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. பார்த்தவர்கள் திரண்டு போனார்கள். நங்கூரம் பட்டும் கால் பட்டும் பவளப்பாறை நொறுங்கி, 2018 ஜூனில் விரிகுடாவை இழுத்து மூடும்படி ஆயிற்று. 2022 ஜனவரியில் மறுபடி திறக்கும்வரை சுறாக்கள் நிம்மதியாக வந்துபோயின. அவற்றுக்கு அது யாருமே வராத இடம். அவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்வது கடமை.

இனி முதல் தரம். தென் அட்லாண்டிக்கில் திரிஸ்தான் த குன்யா. ஆள் வசிக்கும் தீவுகளில் உலகிலேயே ஒதுக்குப்புறமானது. விமானத் தளம் கிடையாது. கேப்டவுனிலிருந்து கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம். முன்கூட்டியே தீவு மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அலை அனுமதிக்காவிட்டால் கப்பலிலேயே உட்கார்ந்து தீவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருக்கும் ஒரே ஊரின் பெயர் ‘ஏழு கடல்களின் எடின்பரோ’. பாட்டி கதையில் அரக்கன் தன் உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைக்கும் தூரம். பெயருக்குரிய போர்ச்சுகீசிய மாலுமி 1506-ல் தீவைக் கண்டார், இறங்கவில்லை, பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார். பயணிகளுக்குள் இவரைப் போன்ற பண்பாளரை இவ்வாய்வாளன் வேறெங்கும் கண்டதில்லை.

1961-ல் எரிமலை வெடித்து, ஊரே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. டிவி, பஸ், கடைத்தெரு எல்லாம் பார்த்தார்கள். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போகலாம் என்றோர் 148, வேண்டாம் என்றோர் 5. 1963-ல் பெரும்பாலோர் மூட்டை கட்டிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை யாரும் போகக் கூடாத இடம் இங்கிலாந்து என்று கொள்ள இடமுண்டு.

மாமாவிடம் சொன்னேன்.

“அங்க என்ன இருக்கு?”

“எரிமலை இருக்கு மாமா. உருளைக்கிழங்குத் தோட்டம் இருக்கு.”

“உருளைக்கிழங்கா? கோயம்பேட்டுல கிடைக்காததா?”

முதல் தரம் உறுதிப்பட்டது. ஆனால் அங்கும் 200-க்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ‘யாருமே’ என்ற சொல் இன்னும் நிறைவு பெறவில்லை. நிறைவு பெற்ற ஒரே இடம் சாண்டி தீவு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே, 1876-ல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் கண்டதாகச் சொல்லி, கடல் வரைபடங்களில் ஏறி, கூகுள் மேப்வரை வந்துவிட்டது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே போனது. தீவு இருக்க வேண்டிய இடத்தில் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமான தண்ணீர். யாரும் காலடி வைத்ததில்லை, வைக்கவும் முடியாது. ஆய்வு இத்துடன் முற்றுப்பெற்றது என்ற பூரிப்பில் மறுநாள் லிஃப்டில் மாமாவிடம் பெயரைச் சொன்னேன். அவர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

“சாண்டி தீவா? எங்க மச்சினன் போன வருஷமே போயிட்டு வந்துட்டான்.”