பன்னிரண்டு மாதமும் ராகுகாலம்

அவரிடம் மலையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மாதத்தைச் சொன்னால் போதும். "அக்டோபர்ல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரைக்கும்..." என்று ஒருவர் ஆரம்பித்தால், எவரெஸ்ட் என்ற சொல் வெளியே வருவதற்குள் "அக்டோபரா?" என்று இவருக்குப் புருவம் ஏறிவிடும். வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் போய் உட்காரும். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. வருஷத்துக்கு மாதமும் பன்னிரண்டாகவே அமைந்தது அவருக்குப் பெரிய சௌகரியம். ஜனவரி, பிப்ரவரி என்று கட்டைவிரல் ஏறி இறங்கி, உங்கள் மாதத்துக்கு வந்ததும் நின்று, அந்தக் கணுவை ஓர் அழுத்து அழுத்தும். "ப்ச்" என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் தீர்ப்பு: "ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கலாமே தம்பி." நவம்பர் என்று சொன்னவருக்கு அடுத்த கணு, அதே ப்ச், ஆனால் "ஒரு மாசம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே." இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால்கூட இவருக்குச் சங்கடம் கிடையாது. "உன் கதை வேற, அவன் கதை வேற" என்பார். என்ன வேறு என்று கேட்டால், "இதுல நிறைய விஷயம் இருக்குப்பா" என்று காபியை எடுத்துக்கொள்வார்.

இந்த ஞானம் வேண்டிய நேரத்தில் கிடைக்காது என்பதுதான் கொடுமை. எந்த மாதம் போகலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டால், "பார்த்துக்கலாம், இன்னும் நாள் கிடக்கே" என்பார். டிக்கெட் எடுத்து, அதுவும் ரத்து செய்தால் பத்துப் பைசா திரும்பாத ரகத்தில் எடுத்து, காட்மாண்டு ஏஜென்சிக்கு முன்பணமும் கட்டிய பிறகே அவருக்கு வாய் திறக்கும். யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. டிக்கெட் எடுக்காதவரிடம் மாதத்தைக் குறை சொன்னால், அவர் பேச்சைக் கேட்டு மாற்றிவிடுவார். மாற்றிய மாதத்துக்கு இவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். எடுத்தவரிடம் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே மழை பிடித்துக்கொண்டால் "நான் அப்பவே சொன்னேன்ல". வானம் பளிச்சென்று இருந்து, அமா தப்லம் சிகரத்தின் படங்களோடு திரும்பினால் "இந்த வருஷம் என்னமோ அப்படி அமைஞ்சு போச்சு". இந்த ஆட்டத்தில் அவரைத் தோற்கடிக்க ஒரு வழியும் இல்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய தகவல்கள் ஒவ்வொன்றும் சரிதான். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அக்டோபரில் எவரெஸ்ட் பக்கத்துக் கும்பு பள்ளத்தாக்கில் கூட்டம் நெரியும் என்கிறார், நெரியத்தான் செய்கிறது. பருவமழை கழுவிவிட்டுப் போன வானம், நடப்பதற்கு இதமான பகல், இரண்டும் சேர்ந்து வரும் மாதம் என்பதால் உலகமே அங்கே வந்து நிற்கிறது. நடை தொடங்கும் இடமான லுக்லாவுக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலானவை காட்மாண்டுவை விட்டு ராமேசாப்புக்கு மாற்றப்பட, நள்ளிரவில் எழுந்து நாலைந்து மணி நேரம் ஜீப்பில் குலுங்கிப் போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் மலைச்சரிவெல்லாம் லாலிகுராஸ் பூத்துக் கிடக்கும். ஆனால் அடிவாரக் காட்டுத்தீயின் புகை மேலேறி வந்து தூரத்துச் சிகரங்களை மங்கலாக்கும், மதியத்துக்கு மேல் மேகமும் மூடும். ஜூன் பாதியிலிருந்து மழை. கீழ்க்காடுகளில் அட்டை, லுக்லா விமானம் பறந்தால் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வானம் கண்ணாடிபோல் இருக்கும், கூட்டமும் இருக்காது. 5,164 மீட்டரில் உள்ள கோரக் ஷெப்பில் இரவு சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்குவது சாதாரணம், பாட்டில் தண்ணீர் தலைமாட்டிலேயே கல்லாகிவிடும். இவ்வளவையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். இவ்வளவும் சேர்ந்து நிரூபிப்பது ஒன்றைத்தான்: குறையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. கிடையாது என்றால், எந்த மாதத்தையும் அதன் குறையைச் சொல்லித் தள்ள முடியாது. எந்தக் குறையை நம்மால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் எடுக்க முடியும். கூட்டத்தைச் சகிக்காதவருக்கு டிசம்பர்க் குளிர் வரம். குளிர் ஆகாதவர் கூட்டத்தோடு கூட்டமாக அக்டோபரில் போய்ச் சேரலாம். தன் கையிலிருக்கும் சான்றுகளே இப்படித் தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதை அவர் மட்டும் கவனிப்பதில்லை. பஞ்சாங்கம்கூட ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ராகுகாலம் போடுகிறது, பக்கத்திலேயே நல்ல நேரமும் போடுகிறது. இவருடைய பஞ்சாங்கத்தில் அந்த இரண்டாவது கட்டமே அச்சாகவில்லை.

எந்த மலை என்று அவர் கேட்காததுதான் இன்னும் பெரிய ஓட்டை. அவரைப் பொறுத்தவரை இமயமலை என்பது ஒரே ஒரு மலை, அதற்கு ஒரே ஒரு வானிலை. போக்ராவுக்கு அருகில் லும்லே என்றொரு ஊர் இருக்கிறது; வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். அங்கிருந்து நேர்கோட்டில் வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஜோம்சோம். அங்கே சராசரி வருஷ மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேகத்தை மலை இந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. ஆகவே மற்ற இடமெல்லாம் சேறும் அட்டையுமாக இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் மேல் முஸ்தாங்குக்கும் டோல்போவுக்கும் தாராளமாகப் போகலாம். லடாக்குக்கும் அதுதான் காலம். உத்தரகாண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு விஷயம் இதற்கும் ஒருபடி மேல். அங்கே பூக்கள் நிறைந்து நிற்பது ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்டு பாதிவரை, கொட்டும் பருவமழைக்கு நடுவில். மழைக்குப் பயந்து அக்டோபரில் போகிறவர் காய்ந்த தண்டுகளை எண்ணிவிட்டு வரலாம். சன்ஸ்கார் ஆற்றின் உறைபனி மேல் நடக்கும் சாதர் பாதை ஜனவரி, பிப்ரவரியில் மட்டுமே இருக்கும். மற்ற மாதங்களில் அது பாதை அல்ல, ஆறு. எங்கே போகிறாய், எதைப் பார்க்கப் போகிறாய் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் மாதம் பாதி முடிவாகிவிடும். அந்த இரண்டையும் கேட்டால் விரல்கணு எண்ணுவதற்கு வேலை இருக்காது, அதனால்தான் கேட்பதில்லையோ என்னவோ.

அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. உயிர் விஷயம், பத்து முறை எச்சரித்தால்தான் என்ன என்பார்கள். எச்சரிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எச்சரிக்கை என்றால் ஆபத்து வேறு, அசௌகரியம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இவர் பனிச்சரிவையும் கழிப்பறை வரிசையையும் ஒரே மூச்சில், ஒரே குரலில், ஒரே ப்ச்சுடன் சொல்கிறார். கேட்கிறவர் கடைசியில் இரண்டையும் காற்றில் விட்டுவிடுகிறார். நிஜமான ஆபத்து நல்ல மாதம் பார்த்து ஒதுங்குவதும் இல்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் நேபாளம் போய்ச் சேர்ந்து 5,416 மீட்டர் உயரமுள்ள தொராங் கணவாயில் பனியாகக் கொட்டியது. அன்னபூர்ணா சுற்றுப்பாதையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருப்பதிலேயே சிறந்த மாதத்தின் நட்டநடு வாரம் அது. வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் மழை பெய்வதே பெரிது என்று பெயரெடுத்த லேயில் 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே போவதற்கு உகந்த மாதமும் ஆகஸ்டுதான். வங்கக்கடலில் புயல் கிளம்பியிருக்கிறதா, அடுத்த மூன்று நாள் முன்னறிவிப்பு என்ன சொல்கிறது, கணவாய்க்குக் கீழேயே இரண்டு நாள் உட்கார்ந்திருக்க நம்மிடம் நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் உயிரைக் காக்கிற கேள்விகள். மாதத்தின் பெயர் அந்தப் பட்டியலில் மிகவும் கீழே வரும்.

இன்னொரு கட்சி கொஞ்சம் வலுவானது: காலநிலையே தடம் மாறிவிட்டது, பழைய சீசன் கணக்கை நம்ப முடியாது, ஆகவே அவர் எல்லா மாதத்தையும் சந்தேகப்படுவது சரி. 2024 செப்டம்பர் கடைசியில், மழை விடைபெறும் வேளையில், நேபாளத்தில் பேய்மழை பெய்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தது உண்மை. ஆனால் இந்த வாதம் உதவுவது சந்தேகப்படுகிறவருக்கு. இவரோ சந்தேகமே இல்லாமல் பேசுகிறவர். காலம் தடம் மாறுகிறது என்றால் தேதியை இளக்கமாக வைத்துக்கொள், கையில் உபரி நாள் வைத்துக்கொள் என்றல்லவா சொல்ல வேண்டும்? "நவம்பர் முதல் வாரம், எழுதி வச்சுக்கோ" என்று சத்தியம் செய்பவருக்கு இந்த வாதத்தில் இடமில்லை. குளிர்காலத்தில் எவரெஸ்ட் ஏறவே முடியாது என்றும் ஒரு காலத்தில் பலர் இப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். 1980 பிப்ரவரி 17 அன்று இரண்டு போலந்துக்காரர்கள் ஏறிவிட்டார்கள்.

அவரிடம் ஆசை இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். மலையேற்ற ஷூ ஒன்று விலை கொடுத்து வாங்கி, அட்டைப்பெட்டியோடு பரண்மேல் வைத்திருப்பார். ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் கிளம்புவதாகத்தான் திட்டம். நவம்பரில் நேபாள வானம் திறந்து கிடக்கும்போது சென்னையில் வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் ஏறினால் மோட்டாரை யார் பார்ப்பது? ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, மே, ஜூனில் சொந்தத்தில் முகூர்த்தம். ஷூ பரணிலேயே இருக்கிறது. அந்த வகை ஷூவின் நடு அடிப்பாகம் பாலியூரிதேன்; நடக்காமல் ஈரக்காற்றில் சும்மா கிடந்தாலே அது சில வருஷங்களில் உளுத்துவிடும். ஒருநாள் பெட்டியைத் திறந்து தூக்கினால் மேல்பாகம் கையோடு வரும், அடிப்பாகம் புட்டுமாவாகப் பெட்டியில் உதிரும். அந்த மனுஷர் மேல் அப்போது கோபம் வராது. மலைக்குப் போய்த் திரும்பியவர்களின் நானூறு படங்களையும் ஒன்று விடாமல், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். "இது டெங்போச்சே மடம்தானே? பின்னாடி மேகம் எத்தனை மணிக்கு ஏறிச்சு?" என்று கேட்க வீட்டில்கூட வேறு ஆள் கிடையாது.

கோபம் வருவது வேறு இடத்தில். இவருடைய சீசன் பேச்சு, பேசியே ஆக வேண்டிய இன்னொரு பேச்சின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை நாள் என்பதுதான் அந்தப் பேச்சு. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாம்சே பஜாரில் ஒருநாள், டிங்போச்சேயில் ஒருநாள் என்று திட்டத்தில் சும்மா இருப்பதுபோல் தெரியும் நாட்கள் இதற்காகத்தான். விமானம் பறக்காத நாளுக்காக மேலும் இரண்டு நாள் கையில் வேண்டும். உயர நோய் அக்டோபர் என்று இரக்கப்படாது; அவசரப்பட்டு ஏறியவரை எந்த மாதத்திலும் பிடிக்கும். சென்னையிலிருந்து போய்த் திரும்ப, ஓய்வு நாளும் உபரி நாளும் சேர்த்துப் பதினாறு நாள் லீவு வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அது பன்னிரண்டாகத் திரும்பி வருகிறது. வெட்டுப்பட்ட நாலு நாளும் அந்த ஓய்வு நாளும் உபரி நாளும்தான். வேறு எதையும் வெட்ட அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. "அக்டோபர்ல எதுக்குப்பா, ஒரே கூட்டம். டிசம்பர்ல போயேன்" என்று கூடவே ஓர் ஆலோசனை. பல ஆபீசுகளில், அந்த லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் இவரேதான்.