லாரிமூலம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். அவர்கள் பழைய ராணுவ லாரி எதையும் விலைக்கு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் மூன்றாவதாக ஒரு மூலத்தையும் சேர்த்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் துருவேறிக் கிடந்த டயமண்ட் டி 980 லாரி ஒன்றை வாங்கி, பெண்டாட்டி பேச்சையும் பாங்குக் கணக்கையும் பொருட்படுத்தாமல் ஓட்டிக்காட்டுகிற ஆசாமிக்கு, அது ஓடினால் மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் போயிருக்க வேண்டும். சும்மா போயிருந்தாலும் போதாது. ஆப்பிரிக்கப் பாலைவனத்து எல் அலமெய்னில் ஜெர்மன் தளபதி ரோமலைப் பார்த்து ஹாரன் அடித்திருக்க வேண்டும்.

உள்ளபடி அதன் உத்தியோகம் டாங்கி சுமப்பது. டாங்கி சூரன்தான், ஆனால் நடக்க ஆகாது. நெடுந்தூரம் ஓடினால் அதன் இரும்புப் பட்டை தேய்ந்துவிடும். அதனால் பல்லக்கில் ஏறிப் போர்க்களம் போகும். அடிபட்டால் அதே பல்லக்கில் பட்டறைக்குத் திரும்பும். பல்லக்குத் தூக்கிக்கு யார் சிலை வைத்தார்கள்?

தூக்கியைக் கேட்டது பிரிட்டன், செய்தது சிகாகோ கம்பெனி. 1941 முதல் 1945 வரை 5,800-க்கு மேல் செய்தார்கள். 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் எஞ்சின், பின்னால் 24 டயர் டிரெய்லர், உச்ச வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர். அமெரிக்க ராணுவமோ, முன்சக்கரத்துக்கு இழுவை இல்லை, சேற்றுக்கு உதவாது என்று முகம் சுளித்தது. பெண் சமைத்ததைச் சம்பந்தி வீட்டார் சப்புக்கொட்டிச் சாப்பிட, பெற்றவள் மூக்கைப் பிடித்துக்கொண்ட கதை.

சரி, ஜாதகம்? பானட்டின் பக்கவாட்டில் ‘ஹெச்’ என்று தொடங்கும் ராணுவ எண்தான் ஜாதகம். உப்புத்தாளால் பெயிண்டைப் படலம் படலமாகத் தேய்க்க வேண்டும். கீழடிக் குழியில் உட்கார்ந்த பொறுமை வேண்டும். மேலே பொருட்காட்சிக்காரர் பூசிய சிவப்பு வரலாம். போர் முடிந்தபின் ராட்டினம் இழுத்துப் பிழைத்தவை பல. அதன் கீழே பச்சை. அதற்கும் கீழே பாலைவனச் சண்டையின் மணல் நிறம் எட்டிப்பார்த்தால் ஓனர் அழுதேவிடுவார்.

எண் கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. 1949-ல் ராணுவம் வண்டிகளுக்கெல்லாம் புது எண் கொடுத்துவிட்டது. போதாக்குறைக்குப் பட்டறைக்காரர்கள் ஒன்றின் எஞ்சினை எடுத்து இன்னொன்றில் மாட்டியிருப்பார்கள். அப்படியானால் போருக்குப் போனது எஞ்சினா, சேஸிஸா? பென்ஷனைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும், வண்டி ஆப்பிரிக்கா போனதா என்று அறிய, சில நேரம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாலே போதும். 1943 ஆகஸ்டிலிருந்து தகரக் கூரையை விட்டுவிட்டு கேன்வாஸ் கூரைக்கு மாறினார்கள். ஆப்பிரிக்கச் சண்டை அந்த வருடம் மே மாதமே முடிந்துவிட்டது. ஆனாலும் கேன்வாஸ் கூரை லாரிக்கு மணல் நிறம் அடித்து, அங்கே சண்டையிட்ட 7-வது கவசப் படையின் பாலைவன எலிச் சின்னத்தையும் பக்கவாட்டில் வரைந்து, கண்காட்சிக்கு ஓட்டி வருவார் நம் ஆசாமி. இதைப் பற்றி யாராவது கேள்வி கேட்கக் கிட்டே வந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடுவார். 14.7 லிட்டர் முழங்கும்போது எந்தக் கேள்வியும் காதில் விழாது.