நாலு பாட்டிலும் இருபது வளைவும்

மார்கழியில் ஏற்காட்டில் இட்லி மாவு பொங்காது. சேலத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்க்கிற அதே மாவு, மலையேறியதும் வைத்தது வைத்தபடி கிடக்கும். என் மனைவி அதற்குக் கம்பளி போர்த்துவாள், அடுப்போரம் நகர்த்துவாள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்ப்பாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட அவள் அப்படி எழுந்து போர்த்திவிட்டதில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் ஜெர்மன் பீர் ருசி பார்த்த கதையில் நாயகன் இந்த மாவுதான். நான் இல்லை.

அக்கா மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவன் எனக்கென்று நாலு பாட்டில் கொண்டுவந்தான். அரை லிட்டர் வீதம் நாலு. சுங்கத்தில் ஆளுக்கு அனுமதிக்கிற இரண்டு லிட்டருக்கு ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கில் பையன் தாய்மாமனைக் கொண்டிருக்கிறான் என்று எனக்குப் பெருமை.

"கிராஃப்ட் லாகர் மாமா. பவேரியாவுல ஒரு சின்ன ஊரு. அப்பா, மகன், கூட நாலு பேரு, அவ்வளவுதான் கம்பெனி. வடிகட்டக்கூட மாட்டாங்க."

"கிராஃப்ட்டுன்னா?" என்றாள் மனைவி.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே முடித்துவிட்டாள். "விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் உள்ள வித்தியாசமா கண்ணு?" தறி ஊரான இளம்பிள்ளைப் பக்கத்துப் பெண். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கம் அப்படியே தொண்டையில் நின்றது.

மனப்பாடம் செய்திருந்தேன் என்பது உண்மை. என் பீர் அனுபவம் மொத்தமே ஒரு பிரிவுபசார விழாவில் அரை கிளாஸ், அதிலும் பாதி ஆரஞ்சு கலர். மருமகன் முன்னால் அப்படிப்பட்ட பாமரனாக நிற்க முடியுமா? மிக்சி வாங்கினால்கூடக் குறிப்புப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற ஜாதி நான். ஒரு வாரம் படித்தேன்.

லாகர் என்ற சொல் ஜெர்மனில் கிடங்கைக் குறிக்கிறது. எங்கள் ஊர் ஜவ்வரிசிக் கிடங்கில் மூட்டை அடுக்குவதுபோல, காய்ச்சிப் புளிக்கவைத்த பீரை உறைகிற அளவுக் குளிரில் வாரக்கணக்கில் கிடத்தி வைப்பார்கள். 1516-ல் பவேரியாவின் கோமகன் நான்காம் வில்ஹெல்ம் இங்கோல்ஸ்டாட் நகரில் ஒரு சட்டம் போட்டார்: பீருக்குள் பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர் மூன்றும் தவிர வேறெதுவும் போகக் கூடாது. கோதுமை ரொட்டிக்காரர்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதும் ஒரு காரணமாம். ஈஸ்ட் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. அப்படியோர் உயிர் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமலே எல்லா வேலையையும் அது செய்துகொண்டிருந்தது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. வெளியில் சொல்லவில்லை.

1553-ல் இன்னொரு சட்டம். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது, கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது. ஆக, குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சினார்கள். குளிரில் வேலை செய்யத் தெரிந்த ஈஸ்ட் மட்டும் நிலைத்தது. இந்தக் கடைசி வரியை நான் சாதாரணமாகத்தான் படித்துக் கடந்தேன். அதன் அருமை எனக்கு உறைக்கவில்லை.

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீட்டைக் கேட்டு வாங்கியிருந்தோம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. நாலு பாட்டிலையும் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஏழாவது வளைவில் எனக்குத் தலை சுற்றியது. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் பாட்டில் மூட்டை. "தலைப்பிள்ளைக்குக்கூட இப்படி மடி கொடுத்ததில்லை" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பதினான்காவது வளைவில் எலுமிச்சையும் கைவிட்டது. அதற்குமேல் விவரம் வேண்டாம். மூட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு நாள் முழுக்க அசையாம நிக்கணும் மாமா. ரொம்பக் குலுங்கியிருக்கு" என்றான் மாப்பிள்ளை.

அசையாமல்தான் வைத்தேன், தாழ்வாரத்துத் திண்ணையில். ஃபிரிட்ஜ் எதற்கு, ஊரே ஃபிரிட்ஜாக இருக்கும்போது? ஆனால் மலைக்காற்று ஒரே பக்கமாக அடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்துவிடுமே என்று அரை மணிக்கொரு தரம் நாலையும் திருப்பித் திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் அத்தையும் ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனார்கள். நான் திண்ணையில் தனியாக. களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பழத்தின் தோலை உரித்து, ஒரு நாள் தொட்டியில் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகக் கழுவிப் பரப்பியது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த மலைக்குப் பிடித்த கசப்பு அதுதான். எனக்கும் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தூரத்தில் கீழே சேலத்தின் விளக்குகள் தெரிந்தன. அந்த ஊரில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராக இருந்து, பிறகு மாகாணத்துக்கே பிரதமரான ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். ஏற்காடும் அதில் அடக்கம். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பிற்பாடு போனது, வந்தது, மறுபடி போனது. 2003-லிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில் நின்று விற்கிறது. விற்பனை வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு போகாமல் இருக்கிறது. என்னைப்போல் குடிக்காதவன் இரண்டு பக்கமும் கட்டியவன். இன்றைக்காவது ஒரு கிளாஸ் குடித்து அந்தக் கணக்கை நேர்செய்வது என்று தீர்மானித்தேன்.

மாப்பிள்ளை வருவதற்குள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியதுதான் வினை. ஒரு பாட்டிலை எடுத்தேன். திறப்பான் இல்லை. கதவுத் தாழ்ப்பாளின் விளிம்பில் மூடியை மாட்டி ஒரு இழுப்பு.

இருபது வளைவும் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. முதல் வீச்சு என் மூக்குக் கண்ணாடியில், அடுத்தது சுவரில், மிச்சம் வேட்டியில். விரலால் அடைத்தேன், அடைத்தால் இரண்டு பக்கமும் பீய்ச்சும் என்பது ஹோலி விளையாடிய குழந்தைக்குத் தெரியும். பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"குடிச்சிட்டு விழுந்தவங்களைப் பார்த்திருக்கேன். குடிக்காமலே நனைஞ்சவரை இப்பத்தான் பார்க்கறேன்."

மறுநாள் வரை மூன்று பாட்டிலையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. முக்கியமாக நான்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஊற்றினான். வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான். தேடியதில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. அதைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தினான். வைக்கோல் நிறத்தில் லேசான கலங்கல், மேலே இரண்டு விரல் வெள்ளை நுரை.

"நுரையே இவ்வளவா?" என்றேன். டீக்கடையில் நுரைக்காகச் சண்டை போட்ட வாய்.

"அது இருக்கணும் மாமா. வாசனையை அதுதான் பிடிச்சு வைக்கும்."

அவன் சொன்னதைக் கேட்டால் இந்த வெளிர் நிறமே ஒரு ரோஷத்தில் பிறந்தது. மியூனிக்காரர்கள் காலங்காலமாகக் கரும்பழுப்புப் பீர் குடித்தவர்கள். 1842-ல் யோசெஃப் குரோல் என்ற பவேரியாக்காரர் பக்கத்து பொஹீமியாவின் பில்சன் நகருக்குப் போய்ப் பொன்னிறமாக ஒன்றைக் காய்ச்ச, உலகமே அதன் பின்னால் ஓடிற்று. மியூனிக் ஐம்பது வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு 1894-ல் 'ஹெல்லஸ்' என்று தானும் ஒரு வெளிர் லாகரை இறக்கியது. நம் கடைகளில் விற்பதும் பெரும்பாலும் லாகர் வம்சம்தான், நாம்தான் பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்ற எழுத்தை மட்டும் படிக்கிறோம் என்றான்.

"பார்லியை எப்படிப் பண்ணுவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஊறவச்சு, முளைவிட்டதும் உலர்த்தி, சூடுகாட்டி, உடைச்சு..."

"இதென்ன அதிசயம்? உனக்கு ஆறு மாசத்துல கேழ்வரகை இப்படித்தானே துணியில கட்டி முளைவிட வச்சு, வறுத்து அரைச்சு ஊட்டினேன்."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்த பார்வையில் நான் அறையில் இல்லை.

என் முறை வந்தது. கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன். படித்தது பூராவையும் நாக்கின் நுனிக்குக் கூப்பிட்டேன். இருவரும் காத்திருந்தார்கள். மலையே காத்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

"ஜில்லுனு இருக்கு" என்றேன்.

அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி முகர்ந்தாள். விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள், குழம்புக்கு உப்புப் பார்க்கிற அதே மாதிரி. "புது ரொட்டியோட ஓரத்தைக் கிள்ளினா ஒரு வாசனை வருமே, அது. கொஞ்சம் காய்ஞ்ச புல்லு. அடியில லேசாத் தேன். கடைசியில வேப்பம்பூ ரசம் மாதிரி ஒரு கசப்பு வந்துட்டுப் போயிடுது, நிக்கலை."

மாப்பிள்ளை பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டை ஜெர்மனில் படித்தான். ரொட்டி, வைக்கோல், தேன், மென்மையான கசப்பு. வேப்பம்பூ மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் அதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டாள். "இந்த ஈஸ்ட் குளிர்லதான் புளிக்கும்னியா கண்ணு?"

"ஆமா அத்தை, பத்து டிகிரியிலேயே வேலை பார்க்கும். ஜெர்மனியில பழகின ஈஸ்டும், குளிர் தாங்குற ஒரு காட்டு ஈஸ்டும் கலந்து பிறந்தது. அந்தக் காட்டு ஈஸ்டை முதல்ல கண்டுபிடிச்சது தென்னமெரிக்காவுல, பட்டகோனியா காட்டுல. 2011-லதான் சொன்னாங்க."

"அவ்வளவு தூரத்துல சம்பந்தமா?" என்றவள், இரண்டாவது பாட்டிலின் அடியில் தங்கியிருந்த வெள்ளைக் கசடையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை என் மாவுல விட்டா?"

இட்லி மாவைப் பொங்கவைப்பது பெரும்பாலும் உளுந்தோடு வருகிற பாக்டீரியா, அதற்குக் கதகதப்பு வேண்டும், இந்த ஈஸ்ட் உதவாது என்று மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினான். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ராத்திரி இரண்டு கரண்டி மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கசடை விட்டுக் கலக்கி வைத்துவிட்டாள்.

காலையில் இரண்டுமே பொங்கவில்லை. இரண்டையும் தோசையாக ஊற்றினாள். எது எது என்று சொல்லாமல் என் தட்டில் ஒவ்வொன்று வைத்தாள். நான் இடப்பக்கத்துத் தோசையைக் கிள்ளி, முகர்ந்து, மென்று, கண்ணை மூடினேன். ரொட்டி ஓரம், வைக்கோல், தேன் எல்லாமே வந்தன. கடைசியில் அந்த வேப்பம்பூக் கசப்புகூட. "இதுதான் ஜெர்மன்" என்றேன். இந்த முறை சொற்களுக்குக் குறைவில்லை.

"அது நேத்து சாப்பிட்ட அதே மாவுங்க" என்றாள்.

திரும்புகிற அன்று மாப்பிள்ளையின் பெட்டியில் மூன்று காலி பாட்டிலையும் வைத்தேன். ஜெர்மனியில் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பினால் கொடுத்துவிடுகிறார்கள். நம்மூரிலும் 2022-ல் நீலகிரியில் தொடங்கி டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திட்டம் வந்திருக்கிறது, ஆனால் இது அவர்கள் பாட்டில் இல்லையே. மூன்றெட்டு இருபத்துநாலு சென்ட்டை விடுவானேன்? அவள் மூன்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிலோ ஏற்காட்டுக் காப்பித்தூளையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் அடைத்தாள். இப்போது ஒன்றில் நல்லெண்ணெய் இருக்கிறது, ஒன்றில் மணிபிளான்ட் வளர்கிறது, மற்றதை எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை.

நாலாவது இன்னும் திறக்கவில்லை. சேலத்து வீட்டு ஃபிரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கிறது. மாவு எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு கையால் நகர்த்தி வைக்கிறாள். எப்போது திறப்பது என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். கிடங்குச் சரக்குதானே, கிடக்கட்டும் என்கிறாள்.