ஏமாற்று வேலையா?

கேள்வி: மின்சார சைக்கிள் வாங்கியிருக்கிறேன். "மேட்டில் மோட்டார் தள்ளுகிறது, நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய். இது ஏமாற்று வேலை" என்கிறார் கணவர். உண்மையா?
— ஒரு வாசகி, சாண்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து

பதில்: 50 எரிமலைகளுக்கு மேல் இருக்கும் ஊர் உங்களுடையது. அங்கே மேடேற உதவி கேட்பது ஏமாற்று என்றால், லிஃப்டில் ஏறுகிற எல்லாரையும் பிடித்து உள்ளே போட வேண்டும்! 300 வாட்டுக்கு மேற்படாத மோட்டார் என்றால் நியூசிலாந்துச் சட்டமே அதைச் சைக்கிள் என்கிறது. கணவர் மேல்முறையீடு செய்யட்டும். லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் கட்டாயம்.

முதல் மிதியிலேயே வண்டி பாயும். பயம் வேண்டாம், குறைந்த உதவியில் தொடங்குங்கள். வண்டி பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும், பாட்டரி தீர்ந்தால் அத்தனையும் உங்கள் காலுக்குத்தான். கிளம்பும் முன் சார்ஜைப் பாருங்கள்.

மேட்டை விடப் பெரிய எதிரி காற்று. வடமேற்குச் சைக்கிள் பாதையில் கடலோரம் எதிர்க்காற்று அடிக்கும்போது மோட்டாரின் அருமை தெரியும். நகர நடுவில் 2015இல் திறந்த இளஞ்சிவப்புப் பாதையில் கட்டாயம் ஓட்டுங்கள். கைவிட்ட நெடுஞ்சாலைச் சரிவைச் சைக்கிளுக்குக் கொடுத்த அந்த நல்ல மனசுக்காகவே. அதே மனசு 1959இல் திறந்த துறைமுகப் பாலத்துக்கும் வர வேண்டும். அங்கே சைக்கிளுக்குத் தடம் இல்லை. அதுவரை, அக்கரையில் உள்ள டெவன்போர்ட் போக ஃபெரியில் வண்டியை ஏற்றிக்கொள்ளலாம்.

கணவரிடம் ஒரு நாள் வண்டியைக் கொடுத்துப் பாருங்கள். திரும்பக் கிடைக்காது, இன்னொன்றுக்குப் பணம் சேர்த்து வையுங்கள்.