ஜவ்வு விலகிய மருமகனுக்கு

வாரும் மருமகனே. உக்கார வேணாம், உக்காந்தா ஜவ்வு இன்னுங் கொஞ்சம் விலகிரும். திண்ணையில அப்படியே சாஞ்சுக்கிடும். ஸ்கேன் படத்தைக் கையோட கொண்டாந்துருக்கீரு, நல்லது. ஒரு மாலை வாங்கிப் போட்டிருந்தா இன்னும் விசேஷமா இருந்திருக்கும்.

எல்4, எல்5க்கு நடுவுல பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்காகளா? பிதுங்கட்டும். என் பேத்தி பிஸியோதெரபி படிக்கிறவ, சொன்னா. குறுக்கு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் கணக்கைப் பல ஆராய்ச்சியிலருந்து திரட்டி 2015ல ஒரு கட்டுரை வந்துச்சாம். 20 வயசுல 100க்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கிக் கெடக்கு, 80 வயசுல 84 பேருக்கு. ஒருத்தருக்கும் வலி கெடையாது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலருந்து சதுரகிரி ஏறுற கிழவன் கிழவிகளை நிறுத்திப் படம் எடுத்துப் பாரும், பாதிப்பேருக்கு மேல உம்ம ரிப்போர்ட்டுதான் வரும். வாசிச்சுக் காட்டாத வரைக்கும் ஏறுவாக.

அதுக்காக உமக்கு வலி பொய்யின்னு சொல்ல வரலை. அந்தப் பாவம் எனக்கெதுக்கு? ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேர் வடத்தைப் பிடிச்சு இழுத்தீரே, அன்னைக்குக் குறுக்கு எங்க போச்சுன்னு உங்க அத்தை கேக்குறா. நான்தான் உமக்காக வக்காலத்து வாங்குனேன். 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு பேர் சொல்லிட்டாகளாம், தண்டுவடத்துல ஒரு மடை இருக்குன்னு. மூளை மேல இருந்து உத்தரவு போட்டா மடை பாதி அடைபட்டுரும், வலி கொறைஞ்சுரும். பயத்தோட கட்டில்ல கெடந்து மோட்டுவளையைப் பாத்தா மடை முழுசாத் தெறந்துக்கிடும். அந்த மடையோட சூத்திரத்தைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் சண்டை போடுறாக, ஆனா வலிக்குள்ள மனசும் கலந்துருக்குங்கிறதுல சண்டையில்ல.

படுத்தே கெடக்கச் சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா? அப்ப சரி. பின்லாந்துக்காரங்க 1995ல ஹெல்சிங்கி நகராட்சி வேலைக்காரங்க 186 பேரை மூணு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கை ரெண்டு நாள் படுக்கப் போட்டாக, ஒரு பங்குக்கு முதுகுப் பயிற்சி குடுத்தாக, மிச்சப் பேரை வலி தாங்குற மட்டுக்கு உங்க வேலையைப் பாருங்கன்னு விட்டாக. சீக்கிரம் தேறுனது இந்தக் கடைசிக் கூட்டம். ரெண்டு நாளைக்கே அப்படி. நீரு ஆவணி பொறந்ததுலருந்து படுத்துருக்கீரு, உம்மைப் பாத்தா ஒரு தனி ஆராய்ச்சியே நடத்துவாக.

இதுல ராஜபாளையத்துக்குப் போயி கரண்ட் வேற வைக்கிறீரு. பத்து சிட்டிங். ஜெல்லு தடவி ஒரு மிஷின், மல்லாக்கப் போட்டு இழுக்க ஒரு மிஷின், போதாதுக்கு இடுப்புல பெல்ட்டு. சத்திரப்பட்டியில நெய்யிற பேண்டேஜ் துணி மொத்தத்தையும் சுத்துனாலும் இம்புட்டு மொத்தம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட குறுக்கு வலிக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. பெல்ட்டு, இழுவை, அல்ட்ராசவுண்டு, டென்ஸ் கரண்ட் நாலும் வேணாம்னுருச்சு. இங்கிலாந்து 2016லயே அதைத்தான் சொல்லுச்சு. ஊசி குத்துற அக்குபஞ்சருக்கு வந்தா மட்டும் ஒருத்தர் வேணாங்கிறார், ஒருத்தர் பண்ணிப் பாக்கலாங்கிறார். பெரிய எடத்துலயும் பங்காளிச் சண்டை இருக்கு பாத்தீரா.

கரண்ட் வச்ச பெறகு கொறஞ்சுச்சேங்கிறீரு. புதுசா வந்த குறுக்கு வலி முக்கால்வாசி சில வாரத்துல தானா எறங்கிரும். எறங்குற அன்னைக்கு எவன் கை முதுகுல இருந்துச்சோ அவன் கைராசிக்காரன். உங்க அத்தை நல்லெண்ணெய் போட்டு நீவுற பேரும் இப்படி வந்ததுதான். இதை அவ காதுல போட்டுறாதீரும், எனக்குச் சோறு வேணும்.

பயிற்சி மட்டும் சாமி வரமான்னு கேட்டா அதுவுமில்ல. பலன் கொஞ்சந்தான், இந்தப் பயிற்சிதான் ஒசத்தின்னு ஒண்ணும் கெடையாது, நடையும் பயிற்சிதான். வலியைப் பத்தி விளக்கிச் சொன்னா மட்டும் போதும்னு ஒரு கட்சி கெளம்பிருக்கு. வெறும் பேச்சுக்குப் பலன் கம்மி, கூடவே ஒடம்பை அசைச்சாத்தான் எடுபடும்கிறா பேத்தி. இந்தச் சண்டைக்கு நடுவுல டெல்லியில, பிஸியோதெரபிஸ்ட் பேருக்கு முன்னால டாக்டர்னு போடக்கூடாதுன்னு 2025 செப்டம்பர்ல ஒரு கடிதாசி போட்டாக. மறுநாளே வாபஸ். உம்ம ஜவ்வு கூட அம்புட்டு வேகமா விலகலை.

நம்ம தெருவுக்கு ஒரு புள்ள வருதே, மக்களைத் தேடி மருத்துவத்துல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம். பக்கவாதம் வந்து படுத்தவரைக் கைத்தாங்கலாத் தூக்கி, இன்னைக்கு வாசப்படி, நாளைக்கு வேப்பமரம்னு நடக்க வைக்குது. உம்மைப் பத்தியும் அதுகிட்டக் கேட்டேன். எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க தாத்தான்னுச்சு. உமக்கு நம்பிக்கை வரலை. வருமா? கையில மிஷின் இல்ல, காசும் கேக்கலை.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல. காலு சொரணை கெட்டு இழுத்தாலோ, உக்காருற எடம் மரத்தாலோ, ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டாலோ, காச்சலோட குறுக்கு வலிச்சாலோ எங்கிட்ட வரப்படாது. அன்னைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்.

அதெல்லாம் இல்லையா? அப்ப எந்திரும். கொல்லைத் தோப்புல காத்துக்கு விழுந்த தென்ன மட்டை கெடக்கு. இன்னைக்கு அஞ்சு மட்டை இழுத்துப் போட்டாப் போதும், அவசரமில்ல. நாளைக்கு ஏழு. வலிச்சா நின்னு மூச்சு வாங்கிட்டு இழும். என்னது, கூலியா? கரண்ட் வச்சவனுக்கு நீருதான காசு குடுத்தீரு மருமகனே. நான் ஒத்தைப் பைசா கேட்டனா?